செங்கோட்டைக்கு எதிரே ஒரு பறவை வைத்தியசாலை

ஊரிலிருந்து உற்றார் உறவினர் தில்லிக்கு வந்தால், நம்மவர் அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல்தான் இருக்கும். குதுப் மினார், இந்தியா கேட், ராஜ்காட், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர், கடைசியில் செங்கோட்டை. கோட்டையைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது கால் ஓய்ந்திருக்கும், வயிறும் பசிக்கும். எதிரே, சாந்தினி சௌக் வீதியின் முகப்பில், செந்நிறக் கோபுரங்களோடு நிற்கும் சமணக் கோயிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பராட்டாக் கடையைத் தேடிப் போய்விடுவார்கள். நானும் பதினோர் ஆண்டுகள் தில்லியில் குடியிருந்தும் அப்படியே போய்க்கொண்டிருந்தவன்தான். அக்கோயிலின் வளாகத்துக்குள்ளே பறவைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது என்பதை எனக்குத் தெரிவித்தது ஒரு பச்சைக்கிளி.

எங்கள் ரயில்வே குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரருக்குச் சென்ற ஆண்டு மாற்றல் உத்தரவு வந்தது. நல்ல மனிதர், வடநாட்டவர். அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் இரும்புக் கூண்டு தொங்கும். அதில் ‘மிட்டு’ என்றொரு கிளி. இந்தப் பக்கங்களில் கூண்டுக் கிளிக்கு வைக்கும் பெயர் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இனிமையாகப் பேசுவது என்று பொருள் கொள்ளலாம். என் மகள் பள்ளி விட்டு வந்ததும் அக்கூண்டின் அருகே போய் நின்று, “மிட்டு, மிட்டு” என்று கூப்பிடுவாள். அதுவும் தலையைச் சாய்த்துப் பதில் கொடுக்கும்.

சாமான்களெல்லாம் லாரியில் ஏறிய பின் எதிர்வீட்டுக்காரர் கூண்டை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். “நெடுந்தூரப் பயணம், இதை எப்படிக் கொண்டுபோவது? இன்றோடு இதற்கு விடுதலை!” என்றார். அக்கம்பக்கத்தார் கூடி நின்று கைதட்டினோம். நானும் தட்டினேன். கிளி வெளியே வந்து சிறகடித்து, ஆள் உயரம்கூட எழும்பாமல், வேலிப் புதருக்குள் விழுந்தது. “பழகிக்கொள்ளும்” என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கலைந்து போனோம்.

மூன்றாம் நாள் மாலை என் மகள் அதைத் தன் பள்ளிச் சால்வையில் சுற்றி எடுத்து வந்தாள். ஒரு சிறகு தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. முதுகில் காகம் கொத்திய புண். “அப்பா, இது பறக்கும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்களே” என்று கேட்டாள். ஒன்பது வயதுக் குழந்தை குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டாள். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் போன மிருக வைத்திய நிலையத்தில், “நாயும் பூனையும்தான் பார்ப்போம், பறவை பார்ப்பதில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் பறவை வைத்தியம் பயின்ற ஒரு டாக்டர் இருந்தார். அவர் கிளியைத் தராசில் வைத்து நிறுத்தார். 110 கிராம் இருந்தது. எக்ஸ்ரே எடுத்து விளக்கின்முன் வைத்துக் காட்டினார். பறவையின் முன்சிறகில், நம் முன்கையைப் போலவே, அடுத்தடுத்து இரண்டு எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் முறிந்திருந்தது. “மற்றொன்று முழுதாக இருப்பதால் அதுவே இதற்குச் சிம்புபோல் உதவும். கட்டுப் போட்டால் கூடிவிடும். இரண்டும் முறிந்திருந்தால் அறுவைச் சிகிச்சை செய்து கம்பி வைக்க வேண்டியிருக்கும், அதற்கு எட்டாயிரம் பத்தாயிரம் ஆகும்” என்றார்.

குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவனுக்குக் கணக்கு எழுதாமல் தூக்கம் வராது. அன்றிரவு எழுதிய கணக்கை அப்படியே தருகிறேன். டாக்டர் பார்த்த கட்டணம் ரூ. 600, எக்ஸ்ரே ரூ. 800, கட்டுப் போட்டது ரூ. 250; மருந்து ரூ. 350, ஆட்டோ போக வர ரூ. 180. ஆக ரூ. 2,180. மூன்று வார காலத்துக்குச் சில நாட்களுக்கொரு முறை கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ரூ. 850. நான்கு முறைக்கு ரூ. 3,400. மொத்தம் ரூ. 5,580. மாதக் கடைசி, பள்ளிக் கட்டணம் வேறு காத்திருந்தது. எனக்கோ குடும்பத்தாருக்கோ நோய் வந்தால் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. கிளிக்கு யார் பாஸ் கொடுப்பார்கள்?

என் மனைவி கணக்கைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கைதட்டினதற்கு இது கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றாள்.

டாக்டர் மிகுதியாகக் கேட்டுவிட்டார் என்று நான் குறை சொல்ல மாட்டேன். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு அவர் பொறுமையாக விளக்கம் சொன்னார். காட்டில் நோயுற்றதாகத் தெரியும் பறவைதான் முதலில் இரையாகும். ஆகையால் பறவை தன் நோயைக் கடைசி வரை மறைத்து வைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால் அதுவும் அபாயக் குறி. நூறு கிராம் உடம்புக்கு மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளக்க வேண்டும்; ஒரு சொட்டு மிகுந்தால் கேடு. பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது; மார்பு விரிந்து சுருங்குவதால்தான் மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தால் பிடித்த கையிலேயே உயிர் போய்விடும். இத்தனையும் தெரிந்து கைபழகியவர்கள் சிலரே. மயக்க மருந்துக்கும் சிறு கருவிகளுக்கும் ஆகும் செலவும் பெரிது. கிளியின் விலை சில நூறு. வைத்தியத்தின் விலை சில ஆயிரம். வாங்கும்போது எவரும் இந்த இரண்டாவது விலையைக் கேட்பதில்லை.

முடிவில் அவரே ஒன்று சொன்னார்: “இது நம் நாட்டுக் காட்டுப் பறவை. இதைச் சட்டப்படி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சாந்தினி சௌக்கில் சமணர்கள் நடத்தும் தரும ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.” தமக்கு வர வேண்டிய மூவாயிரத்து நானூறு ரூபாயை அவ்வாறு தாமே விட்டுக்கொடுத்த அந்த மனிதரை இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துளையிட்ட காலணிப் பெட்டிக்குள் பழைய வேட்டித் துண்டை விரித்துக் கிளியை வைத்து, நானும் மகளும் புறப்பட்டோம். ரயிலில் பழைய தில்லி நிலையத்துக்கு வருபவர்கள் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். மெட்ரோவில் போகிறவர்களுக்குச் செங்கோட்டைப் பக்கத்தில் லால் கிலா நிலையம் 2017-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நிலையத்தை விட்டு மேலே வந்தால் ஒரு பக்கம் கோட்டை, மறு பக்கம் கோயில். ஷாஜகானின் மகள் ஜகனாரா வகுத்த வீதி இது. மேற்குக் கோடியில் பதேபுரி மசூதி. இடையில், குரு தேக் பகதூர் 1675-இல் உயிர்த்தியாகம் செய்த இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்துவாரா. கிழக்குக் கோடியில் கௌரி சங்கர் கோயிலும், அதை அடுத்துச் சமணரின் லால் மந்திரும். நான்கு சமயத்தாரும் தோளோடு தோள் நிற்கும் இவ்வீதியில், 2021-இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பின், பகல் வேளையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்திருக்கிறார்கள். ஆதலால் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சமின்றி நடக்கலாம்.

திகம்பர சமணரின் லால் மந்திர், ஷாஜகான் காலத்திலேயே தோன்றியது என்பர். இன்றைய கட்டடத்தில் பெரும்பகுதி பிற்காலத்தில் எழுந்தது. பறவை வைத்தியசாலை 1929-இல் தொடங்கியது. 1957-இல், அப்போது உள்துறை அமைச்சராக இருந்த கோவிந்த வல்லப பந்த் திறந்து வைக்க, இக்கோயில் வளாகத்துக் கட்டடத்தில் குடியேறியது. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை சமண சமயத்தின் உயிர்நிலை அல்லவா? கோயிலுக்குள் தோல் பொருள்கள் கூடா. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினோம்.

மாடிக்கு மாடி, சுவர் நெடுகச் சிறு சிறு கூண்டுகள். முதலில் எட்டுவது தானியத்தின் வாடையும் மருந்தின் வாடையும். அடுத்துப் புறாக்களின் குமுறல். நோயாளிகளில் பெரும்பாலானவை புறாக்களே. தில்லி புறாக்களின் ஊர். நாற்சந்திகளில் மக்கள் மூட்டை மூட்டையாகத் தானியம் இறைக்கிறார்கள். பழைய தில்லியின் மொட்டை மாடிகளிலே புறா வளர்த்துப் பறக்கவிடும் வழக்கம் மொகலாயர் காலம் தொட்டு இருக்கிறது. அப்புறாக்களில் ஒன்று மின்விசிறியில் அடிபட்டது. ஒன்று பூனையிடம் தப்பியது. ஒன்று கழுத்தைத் திருகித் தலையை முதுகின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோழிகளுக்குக் குமாவூன் மலையூரின் பெயரால் ராணிக்கேத் என்னும் நோய் வருகிறதே, அதற்கு உறவான வைரஸால் புறாவுக்கு வரும் நோய் இது என்று அங்கிருந்தவர் சொன்னார். அத்தகையவற்றைத் தனியே வைத்து, தாமாகத் தின்ன இயலாதவற்றுக்கு ஊட்டுகிறார்கள்.

டாக்டர் கிளியைப் பார்த்தார். கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, சிறகைத் துணி நாடாவால் எட்டு என்னும் எண் வடிவில் சுற்றிக் கட்டினார். பிறகு மறு சிறகை விரித்து எங்களுக்குக் காட்டினார். பறக்கும் இறகுகளெல்லாம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தன. “எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும். வெட்டிய இறகு வளராது. அது உதிர்ந்து புது இறகு முளைக்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை பெரிய கூண்டில் விட்டுப் பறந்து பழக்க வேண்டும்” என்றார். கிளி ஏன் வேலியில் விழுந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கதவைத் திறந்தது விடுதலையாகவில்லை. காகத்தின் முன் எறிந்ததாகவே ஆயிற்று.

சேர்க்கைப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். கட்டணம் ஏதும் கேட்கவில்லை; உண்டியல் ஒன்று இருந்தது. மக்கள் தரும் நன்கொடையால்தான் அத்தனை கூண்டும் நடக்கிறது. நான் இயன்றதைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, அங்கிருந்தவர் அந்த இடத்தின் விதியைச் சொன்னார்: ஒருமுறை சேர்த்த பறவையைக் கொண்டுவந்தவரிடம் திரும்பக் கொடுப்பதில்லை. குணமானதும் வானத்தில் விட்டுவிடுவார்கள்.

இதை நான் மகளிடம் முன்னமே சொல்லவில்லை, எனக்கே தெரியாது. அவள் முகம் மாறிவிட்டது. “நாம் வந்து பார்க்கலாமா, அப்பா? மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோய்விடலாமா? நான் சிறகை வெட்ட மாட்டேனே” என்று கெஞ்சினாள். சட்டம் இருக்கிறது என்றேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூண்டில் வைப்பதையும் தடுக்கிறது. 2022-இல் அது திருத்தப்பட்ட பின், பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறது. மீறுவோர்க்குச் சிறையும் அபராதமும் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அட்டவணை என்ன புரியும்? அவள் அழுதாள். சட்டத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, “நாம் இங்கே வந்தது மிட்டுவுக்காகவா, நமக்காகவா?” என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே, அக்கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியது. நெடுநேரம் கழித்துப் பெட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். மெட்ரோவில் வீடு வரும் வரை அந்தக் காலிப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.

அன்று அங்கே கண்டவற்றில் மனத்தை மிகவும் வருத்தியது நூலால் அறுபட்ட பறவைகள். தில்லியில் பட்டம் விடும் பருவம் சுதந்திர தினத்தை ஒட்டியது. பிரதமர் செங்கோட்டையில் கொடியேற்றும் அந்த ஆகஸ்டு மாதத்தில் எதிரே உள்ள மொட்டை மாடிகளெல்லாம் பட்டம் விடுவோரால் நிறைந்திருக்கும். குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் இந்தக் கோலாகலம் நம் பொங்கல் நாளை ஒட்டி வரும் மகர சங்கராந்தியில். ‘சீன மாஞ்சா’ என்று வழங்கும் நைலான் நூலில் கண்ணாடித் தூளோ உலோகத் தூளோ பூசியிருக்கும். அறுந்தாலும் மக்காமல் மரத்திலும் கம்பியிலும் ஆண்டுக்கணக்கில் தொங்கும். தில்லி அரசு அதனை 2017 ஜனவரியில் தடை செய்தது; அவ்வாண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுமைக்கும் தடை விதித்தது. ஆயினும் நூல் விற்பது நின்றபாடில்லை. மனிதர் கழுத்தையே அறுக்கும் அந்நூல் புறாவின் சிறகை என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் வாசகர்கள் அறிய வேண்டும். இவ்வைத்தியசாலை சமணக் கோயிலைச் சேர்ந்தது. தானியமும் கனியும் உண்ணும் பறவைகளையே உள்ளே தங்க வைப்பது வழக்கம். தில்லி வானத்தில் ஆயிரக்கணக்கில் வட்டமிடும் கரும்பருந்துகளுக்கு அவ்வாறு தங்கும் இடம் இல்லாமல் இருந்தது. இக்குறையைக் கண்ட நதீம் ஷெஹ்சாத், முகம்மது சௌத் என்னும் சகோதரர் இருவர், வட தில்லியின் வஜீராபாத்தில் தம் வீட்டிலேயே பருந்துகளுக்கு வைத்தியம் செய்யத் தொடங்கினர். சவுனக் சென் அவர்களைப் பற்றி எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2022-இல் சண்டான்ஸ், கான் ஆகிய இரு திரைப்பட விழாக்களிலும் பரிசு பெற்றது. புறாவுக்கு ஒரு சமயத்தார் கதவைத் திறந்தனர். பருந்துக்கு வேறொரு சமயத்தார் திறந்தனர். இரண்டும் சேர்ந்தால்தான் தில்லியின் வானம் முழுமையடையும்.

வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வரை பறவையை உயிரோடு காப்பதே பெரிய வைத்தியம். டாக்டர்கள் இருவரும் சொன்னவற்றை நம் சகோதரிகளுக்கும் குழந்தைகளுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

அடிபட்ட பறவையின்மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, மார்பை அழுத்தாமல் எடுத்து, துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட வேண்டும். இருட்டும் அமைதியும் வெதுவெதுப்பும் தான் முதல் மருந்து. குளிர்காலமாயின் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். வாயைத் திறந்து நீர் ஊற்றக் கூடாது. நாவின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். பால் ஒருபோதும் ஆகாது. பறவை பால் குடிக்கும் இனமன்று. இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்தலாம். மாஞ்சா நூல் தசைக்குள் பதிந்திருந்தால் இழுக்கலாகாது. தொங்கும் நூலை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை டாக்டரிடம் விட்டுவிட வேண்டும். பறக்கிறதா என்று சோதிக்க மேலே வீசிப் பார்ப்பது பெரும் பாவம்.

கோடையில் இறகு முளைத்த குஞ்சுகள் தரையில் தத்திக்கொண்டிருக்கும். அவையெல்லாம் அநாதைகள் அல்ல. பறக்கப் பழகும் பிள்ளைகள். தாய் அருகில்தான் இருக்கும். பூனை வராத புதரோரமாக வைத்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். பறவையைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலும் உண்டு. வைகாசி, ஆனி வெயிலில் ஒரு மண்சட்டியில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றி வந்தால், வைத்தியசாலையில் ஒரு கூண்டு காலியாக இருக்கும்.

வளர்ப்பதற்கென்றே வெளிநாட்டு இனங்கள் கடைகளில் விற்கின்றன. ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர், காக்கட்டீல், ஆப்பிரிக்காவின் லவ்பேர்ட் முதலியவை. குழந்தைகள் கேட்கிறார்கள் என்று வாங்கித் தருகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை இது. கூண்டு வாங்கும் நாளிலேயே ஓர் உண்டியலும் வாங்குங்கள். மாதம் இருநூறு ரூபாய் போட்டு வந்தால் ஆண்டுக்கு இரண்டாயிரத்து நானூறு சேரும். ஒரு முறை டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுக்க அது போதும். பறவை பார்க்கும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்னும் கிளிக்குக் கொழுப்பு மிகும். ‘ஏ’ உயிர்ச்சத்துக் குறையும். கீரை, காரட், கொய்யா இவையும் சேர வேண்டும். சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் அவற்றுக்கு விஷம். ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி மிகையாகக் காய்ந்து எழும் ஆவி, சமையலறைப் பக்கத்துக் கூண்டிலுள்ள பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் மாற்றலுக்கு உட்பட்டவர்கள். இன்று தில்லி, நாளை நாகபுரி, மறு ஆண்டு கௌஹாத்தி. நம்மோடு வர இயலாத உயிரை வீட்டுக்குள் சேர்க்குமுன் ஒரு முறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மகள் நினைவூட்டினாள். குணமான பறவைகளைச் சனிக்கிழமைகளில் விடுவது அங்கே வழக்கம். நாங்கள் மூவருமாகப் போனோம். என் மனைவியும் வந்தாள். மேலே, தேறிவரும் பறவைகள் இருக்கும் பெரிய கூண்டைக் காட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு கிளிகள். எல்லாம் ஒரே பச்சை, ஒரே செவ்வலகு. எது நம்முடையது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. சேர்க்கைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்படி கேட்கலாமா என்று நான் தயங்கி நிற்கையில், மகள் கம்பிக்கு அருகே போய், முன்போலவே, “மிட்டு!” என்று கூப்பிட்டாள்.

ஐந்தாறு கிளிகள் ஒன்றாகத் தலையைச் சாய்த்துத் திரும்பிப் பார்த்தன.

ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தது போலும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை கூப்பிட்டிருக்கும். ஒவ்வொரு வாசலிலும் என்னைப்போல் ஒருவன் கைதட்டியிருப்பான். மகள் சிறிது நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “எல்லாமே மிட்டுதான், அப்பா” என்றாள்.

அன்று மாலை மேல்தளத்திலிருந்து சில பறவைகளை விட்டார்கள். பெரும்பாலும் புறாக்கள், கிளிகள் இரண்டு. புறாக்கள் ஒரு வட்டம் சுற்றிக் கோயில் கோபுரத்திலேயே உட்கார்ந்துவிட்டன. கிளிகள் இரண்டும் கீச்சென்று கத்திக்கொண்டு, வீதியைக் கடந்து, செங்கோட்டையின் மதிலுக்கு மேலாகப் பறந்து மறைந்தன. அவற்றில் ஒன்று நம் கிளியா அல்லவா என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இம்முறை உறவினர் தில்லிக்கு வரும்போது, கோட்டையைப் பார்த்த பின் வீதியைக் கடந்து அந்தப் படிகளில் ஏறுங்கள். அரை மணி நேரம் போதும். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். உண்டியலில் இயன்றதைப் போடுங்கள். வீட்டில் கூண்டு இருந்தால், அதிலிருப்பது நம் நாட்டுப் பச்சைக்கிளியானால், அதையும் கையோடு கொண்டுபோங்கள். வாசலில் நின்று கதவைத் திறந்துவிடாதீர்கள்.